வேகம் குறைத்தால் முந்தலாம்

விளையாட்டென்றால் வெற்றி தோல்வி இருக்க வேண்டும். அவை இல்லாதது விளையாட்டாகாது என்பர். பந்தாட்டத்தில் கோல் உண்டு. சதுரங்கத்தில் அரசனுக்கு முற்றுகை உண்டு. நம் வீட்டுத் திண்ணையில் ஆடும் பல்லாங்குழியில்கூட இறுதியில் முத்துகளை எண்ணி வென்றவர் யார் என்று சொல்லிவிடலாம். ஆனால் தொடக்கம் மட்டும் உடையதாய், முடிவில்லாததாய், வென்றாய் என்றோ தோற்றாய் என்றோ ஒருபோதும் சொல்லாததாய் ஒரு விளையாட்டு இருக்குமானால் அதை என்னவென்று அழைப்பது? அத்தகைய ஒன்றை நான் ஒன்பது ஆண்டுகளாக ஆடி வருகிறேன். அதன் பெயர் ஆர்பிட்டர். கணிப்பொறித் திரையில் விண்கலம் ஓட்டும் விளையாட்டு அது. மன்ற மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர், "நீ இயற்பியல் மாணவன், அறிவியல் பற்றி எழுது" என்றார். நான் விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். அறிவியல் அழையாமலே வந்து சேரும்.

இவ்வகை விளையாட்டுக்கு மூதாதை ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இருவர் 1984ஆம் ஆண்டு 'எலைட்' என்ற ஒன்றை வெளியிட்டார்கள். அவர்களும் நம்மைப்போல் மாணவர்களே என்பதை நண்பர்கள் மறவாதிருக்க வேண்டும். அவர்கள் கையாண்ட கணிப்பொறியின் நினைவகம் 32 கிலோபைட். இன்று பொங்கலன்று கைப்பேசிக்கு வரும் ஒரு வாழ்த்துப் படம் அதைவிடப் பெரிது. அந்தச் சிற்றிடத்தில் 8 விண்மீன் மண்டலங்களும், ஒவ்வொன்றிலும் 256 உலகங்களும் அடங்கின. எப்படி? உலகங்களை அவர்கள் எழுதி வைக்கவில்லை. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைப் பிறப்பிக்கும் சிறு விதியை மட்டும் எழுதி வைத்தார்கள்; வேண்டும்போது உலகங்கள் அதிலிருந்து பிறந்தன. ஓரிடத்தில் சரக்கு வாங்கி வேறிடத்தில் விற்கலாம், கொள்ளையரோடு மோதலாம், ஒன்றும் செய்யாமல் சுற்றித் திரியலாம். ஆனால் அந்தக் கலங்கள் நியூட்டன் சொன்னபடி பறக்கவில்லை. விசையைக் குறைத்தால் படகுபோல் வேகமும் குறைந்தது. அக்குறையை 1993இல் வந்த இரண்டாம் பகுதியான 'பிரான்டியர்' தீர்த்தது.

ஆர்பிட்டர் 2000ஆம் ஆண்டு வந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆய்வாளராயிருந்த மார்ட்டின் ஷ்வைகர் என்பவர் அதை ஆக்கினார். தொடக்கம் முதலே விலையின்றி வழங்கினார். 2021இல் அதன் மூலநிரலையும் எல்லாருக்கும் திறந்துவிட்டார். இதில் வாணிகம் இல்லை, போர் இல்லை, புள்ளிகள் இல்லை. ஞாயிற்றுக் குடும்பம் இருக்கிறது, ஈர்ப்பு இருக்கிறது, கையில் ஒரு கலம் இருக்கிறது. எங்கே போகப் போகிறாய் என்று அது கேட்பதே இல்லை.

எங்கள் குடும்பம் குடியாத்தத்திலிருந்து சித்தூருக்கு வந்தது. சித்தூர் வெல்ல மண்டி ஒன்றில் என் தந்தைக்குக் கணக்கு எழுதும் வேலை. வட ஆர்க்காட்டிலிருந்து 1911இல் பிரிக்கப்பட்ட மாவட்டம் ஆகையால் அங்கே தமிழ் பேசுவோருக்குக் குறைவில்லை. ஆயினும் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும்தான். தமிழ் எழுத்தும் இலக்கணமும் எனக்கு அம்மா சொல்லிக் கொடுத்தவை. ஒன்பதாம் வகுப்பு படிக்கையில், மண்டியில் கழித்துப்போட்ட பழைய கணிப்பொறி ஒன்றை நைனா வாங்கி வந்தார். எங்கள் பகுதியில் தந்தையை நைனா என்றே அழைப்போம். புதிய விளையாட்டுகள் எவையும் அந்தப் பொறியில் ஓடமாட்டா. ஆர்பிட்டரின் பழைய பதிப்பு ஓடியது. தேர்ந்தெடுத்தேன் என்று பெருமை பேச இடமில்லை. ஓடியது அது ஒன்றே.

சில நாள் பின்னால் நின்று பார்த்த நைனா கேட்டார்: "இதுல யாருடா ஜெயிக்கறது?"

"யாரும் இல்ல நைனா."

"அப்போ எதுக்குடா ஆடற?"

இந்தக் கேள்விக்கு அன்று விடை சொல்லவில்லை. விடையைக் கண்டுபிடித்தவர் நைனாவே. அது எப்படி என்று சொல்கிறேன்.

விண்கலம் ஓட்டுவது வண்டி ஓட்டுவது போன்றதன்று. கணக்கு எழுதுவது போன்றது. வெற்றிடத்தில் உராய்வு இல்லை. எனவே தூரத்துக்குச் செலவில்லை. வேகத்தை மாற்றுவதற்குத்தான் செலவு. பூமியைத் தாழ்வாகச் சுற்றும் கலம் நிலவை நோக்கிக் கிளம்ப நொடிக்கு ஏறக்குறைய 3.1 கிலோமீட்டர் வேகம் கூட்ட வேண்டும். நிலவை அடைந்து அதைச் சுற்றத் தொடங்க ஏறக்குறைய 0.9 கழிக்க வேண்டும். இறங்க இன்னும் 1.9 அளவில் ஆகும். தொட்டியில் இருப்பது இவ்வளவு வேகத்துக்குத்தான் என்று முன்னரே தெரியும். ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் நான் ஒரு தாளில் செலவுகளை எழுதி வைப்பேன். ஒரு நாள் அந்தத் தாள் நைனாவின் கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இன்னாடா இது, வரவே இல்லாத பேரேடு?"

அன்றிலிருந்து திரையைப் பார்க்காமல் தாளைப் பார்த்தே அவர் ஆட்டத்தைத் தொடர்ந்தார். கலம் எங்கே போகிறது என்பதில் அவருக்கு ஈடுபாடு இல்லை; மிச்சம் எவ்வளவு என்பதில்தான். வரவும் உண்டு என்று பின்னர் சொன்னேன். 1977இல் புறப்பட்ட வாயேஜர் 2 கலம் 1979இல் வியாழனை ஒட்டிச் சென்று அதன் ஓட்டத்திலிருந்து வேகம் பெற்றது. சனியிடமும் யுரேனசிடமும் மறுபடி பெற்று 1989இல் நெப்டியூனை அடைந்தது. எரிபொருள் செலவிட்டுப் பெற்ற வேகமன்று அது. வியாழன் அந்த அளவுக்கு வேகம் இழந்தது. ஆனால் அதன் பருமனுக்கு அந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை. நைனா சிரித்தார். "பெரிய மண்டிக்காரன் கிட்ட கைமாத்து வாங்கறாப்புல. அவனுக்குத் தெரியவே தெரியாது."

விளையாட்டின் தொடக்கப் பக்கத்தில், 'எரிபொருளுக்கு வரம்பு' என்றொரு கட்டம் இருக்கிறது. அதிலுள்ள குறியை எடுத்துவிட்டால் எரிபொருள் தீராது. அக்குறியை எடுத்துவிட்டு ஆடுவோர் உண்டு. அவர்கள் ஆடுவது வேறொரு விளையாட்டு என்பது என் கருத்து. நானோ இன்னும் ஒருபடி மேலே போய், தொட்டியில் கால் பங்கு மட்டுமே நிரப்பிக்கொள்வேன். விளையாட்டோடு வரும் 'டெல்டா கிளைடர்' என்னும் கற்பனைக் கலத்தின் பொறி, இன்று விண்கலங்களை ஏவும் எந்த ராக்கெட் பொறியையும்விடச் சிக்கனமானது. முழுத் தொட்டியும் இருந்தால் சிந்திக்கவே வேண்டியதில்லை. சிந்திக்க வேண்டாத விளையாட்டு எதற்கு?

இனி, தலைப்புக்கு வருகிறேன். முன்னால் 10 கிலோமீட்டர் தூரத்தில் விண்வெளி நிலையம் போய்க்கொண்டிருக்கிறது. அதே பாதையில் பின்னால் நம் கலம். அதைப் பிடிக்க என்ன செய்வீர்கள்? புதிதாக அமர்பவர் எவரும் அதை நோக்கித் திரும்பி விசையைக் கூட்டுவார். கலம் நிலையத்தை நெருங்குவதுபோல் நெருங்கி, மேலே எழும்பி, பின்னர் மெல்லப் பின்தங்கிவிடும். இன்னும் கூட்டினால் இன்னும் பின்தங்கும். 1965 ஜூன் மாதம் ஜெமினி 4 கலத்தில் சென்ற மெக்டிவிட், தம் ராக்கெட்டின் கழன்ற பகுதியை அணுக முயன்றபோது இதுவே நேர்ந்தது. எரிபொருள் கரைந்ததால் முயற்சி கைவிடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில்தான் ஜெமினி 6 கலம் முறையான கணக்கோடு சென்று ஜெமினி 7 கலத்தை நெருங்கியது.

செய்ய வேண்டியது தடை போடுவது. 400 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கலம் தன் வேகத்தில் வெறும் 60 சென்டிமீட்டரைக் குறைத்துக்கொண்டால் போதும். அதன் பாதை மறுபுறத்தில் 2 கிலோமீட்டர் அளவுக்குத் தாழும். சுற்றும் நேரம் ஒரு நொடிக்குச் சற்று மேல் குறையும். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கையில் 10 கிலோமீட்டர் முன்னேறியிருக்கும். அங்கே குறைத்ததைத் திருப்பிக் கூட்டிக்கொண்டால் நிலையம் பக்கத்தில் நிற்கும்.

என் தாய்மாமன் மாங்காய் லாரி ஓட்டுகிறவர். ஒருமுறை ஊரிலிருந்து வந்திருந்தபோது இதைச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னா மாப்ளே கதை உடற? முன்னால போற வண்டியப் புடிக்க எவனாச்சும் பிரேக் போடுவானா?" என்றார். சமன்பாடுகள் உதவா என்று தெரிந்தது. "மாமா, கோயில்ல நீ உட்பிராகாரம் சுத்தற, நான் வெளிப்பிராகாரம் சுத்தறேன். ரெண்டு பேரும் ஒரே நடை நடந்தா யாரு முதல்ல வந்து சேருவா?" என்றேன். "உள்ளே போறவன்" என்றார். "தடை போட்டா கலம் உட்பிராகாரத்துல எறங்கிடும்" என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்து, "அப்போ பிரேக்குன்னு சொல்லாதே, உள்ளே எறங்கறதுன்னு சொல்லு" என்றார். அறிவியல் நூல்களில் இதைவிடத் தெளிவான திருத்தத்தை நான் கண்டதில்லை.

2024 டிசம்பர் 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி60 ராக்கெட் இரு சிறு செயற்கைக்கோள்களைக் கொண்டு சென்றது. ஸ்பேடெக்ஸ் என்னும் அந்தத் திட்டத்தில் அவை தாமே ஒன்றையொன்று நெருங்கி இணைய வேண்டும். நாள் தள்ளிப் போயிற்று. ஜனவரி 12ஆம் நாள் 15 மீட்டர், பின் 3 மீட்டர் வரை நெருங்கிவிட்டு மறுபடி விலகின. விடுதியில் நண்பர்கள், "மூன்று மீட்டர் வந்துவிட்டுத் திரும்புவார்களா?" என்று கேலி செய்தார்கள். ஆயிரம் முறை திரையில் இணைத்துப் பார்த்தவனுக்கு அந்த விலகலின் அருமை தெரியும். கடைசி 3 மீட்டரை அவசரமில்லாமல் கடப்பதே கலை. 16ஆம் நாள் இணைந்தன. இதைச் செய்த நான்காவது நாடு இந்தியா.

மாமாவுக்கு விளக்கப் போய் நான் பெற்றது மற்றொன்று உண்டு. விளையாட்டின் சொற்கள் யாவும் ஆங்கிலம். அவற்றை வீட்டில் சொல்லத் தமிழ்ச் சொல் தேட வேண்டியிருந்தது. சுற்றுப்பாதையில் பூமிக்கு மிக அருகிலுள்ள புள்ளி ஒன்று. மிகத் தொலைவிலுள்ள புள்ளி ஒன்று. இவற்றுக்கு என்ன சொல்வது என்று எண்ணியபோது அம்மா நடத்திய இலக்கணம் நினைவுக்கு வந்தது. 'இவன்' என்பது அண்மைச் சுட்டு. 'அவன்' என்பது சேய்மைச் சுட்டு. அப்படியானால் அருகிலுள்ளது அண்மைப் புள்ளி, தொலைவிலுள்ளது சேய்மைப் புள்ளி. புதிதாக எதையும் படைக்க வேண்டியிருக்கவில்லை. கலைச்சொல் இல்லை, ஆகவே தமிழில் அறிவியல் இயலாது என்று நம் வகுப்பிலேயே சொல்வோர் உண்டு. சொல் நம் இலக்கண நூலில் உறங்குகிறது. எழுப்ப ஒருவர் வேண்டும், அவ்வளவே. எல்லாச் சொல்லும் இப்படி எளிதில் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. 'பிரேக்' என்பதற்கு மாமாவின் முன்னால் எந்தத் தமிழ்ச் சொல்லும் எடுபடவில்லை.

இந்த அண்மைப் புள்ளி, சேய்மைப் புள்ளியின் பயன் 2023இல் நாடு முழுவதும் தெரிந்தது. ஜூலை 14ஆம் நாள் கிளம்பிய சந்திரயான் 3 நிலவில் இறங்கியது ஆகஸ்ட் 23ஆம் நாள். அப்போலோ 11 மூன்று நாளில் நிலவைச் சுற்றத் தொடங்கிவிட்டதே, நமக்கு மட்டும் ஏன் 40 நாள் என்று கேட்டார்கள். ராக்கெட் அதை விட்டுச் சென்ற நீள்வட்டப் பாதையில் அண்மை 170 கிலோமீட்டர், சேய்மை 36,500 கிலோமீட்டர். அண்மையில் அதன் வேகம் நொடிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல், சேய்மையில் 1.6 கிலோமீட்டர்தான். ஒரே அளவு எரிபொருளை வேகமாக ஓடும் இடத்தில் எரித்தால் கிடைக்கும் ஆற்றல் அதிகம். எனவே சிறு பொறி கொண்ட கலம் ஒவ்வொரு முறையும் அண்மைக்கு வரும்வரை காத்திருந்து, சிறிது எரித்து, சேய்மையை மேலும் மேலும் நீட்டிக்கொள்கிறது. அந்த நாற்பது நாளும் நான் அதே வேலையைத் திரையில் செய்துகொண்டிருந்தேன். அவர்கள் எரிக்கும் நாளில் நானும் எரித்தேன். விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் அத்திட்டத்தின் இயக்குநர் என்பது எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேசப்பட்டது.

ஸ்ரீஹரிகோட்டா 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது எங்கள் மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. விளையாட்டில் அந்தத் தளத்தை நானே அமைத்துக்கொண்டேன். ஒரு சிறு கோப்பில் வடக்கு 13.7 பாகை, கிழக்கு 80.2 பாகை என்று எழுதினால் நிலப்படத்தில் முளைத்துவிடுகிறது. அங்கிருந்து கிழக்கே ஏவினால் பூமியின் சுழற்சி நொடிக்கு 450 மீட்டர் வேகத்தை இனாமாகத் தருகிறது. ஆனால் துருவங்களின் மேல் செல்லும் பாதைக்குத் தெற்கே ஏவ வேண்டும். தெற்கே நேராகப் போனால் என்ன இருக்கிறது? இலங்கை. மக்கள் வாழும் நிலத்தின் மேல் ராக்கெட்டின் கழன்ற பகுதிகள் விழக் கூடாது. ஆகவே பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்கே கிளம்பி, தீவைச் சுற்றிக்கொண்டு, பிறகு தெற்கே திரும்புகிறது. திரும்புவதற்கு விலை உண்டு. நொடிக்கு 7.6 கிலோமீட்டரில் ஓடுகையில் வெறும் 10 பாகை திரும்ப 1.3 கிலோமீட்டர் வேகத்துக்கு எரிபொருள் வேண்டும். 3 கிலோமீட்டரில் ஓடுகையில் திரும்பினால் அரைக் கிலோமீட்டர் போதும். எப்போது திரும்பினாலும் இழப்பு இழப்பே. அந்த அளவுக்குச் சுமக்கும் எடை குறைகிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28ஆம் நாள் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதன் காரணம் இதுதான். அங்கிருந்து தெற்கே கடல் மட்டுமே. இரண்டு இடங்களிலிருந்தும் ஏவிப் பாருங்கள். செய்தித்தாளில் ஒரு வரியாகப் படித்தது கைவிரலுக்குப் புரிந்துவிடும்.

இவ்வளவு சொன்னதால் இவ்விளையாட்டை ஆடினாலே விண்வெளி அறிவியல் வந்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டா. அதில் இல்லாதது ஒன்று உண்டு. எரிபொருளுக்கு வரம்பு வேண்டுமா என்று கேட்பதுபோலவே, 'பழுது வேண்டுமா' என்றும் அது கேட்கிறது. வேண்டாம் என்றால் எதுவும் பழுதாகாது. 2025 மே 18ஆம் நாள் காலை 5.59 மணிக்குப் பி.எஸ்.எல்.வி. சி61 கிளம்பியதை விடுதியில் நான்கு பேர் ஒரு கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். முதற்படி சரி, இரண்டாம் படி சரி. மூன்றாம் படியில் திரையில் ஒரு கோடு இருக்க வேண்டிய இடத்தை விட்டுத் தாழத் தொடங்கியது. அறிவிப்பு வருமுன்னரே எனக்குத் தெரிந்துவிட்டது. கோட்டைப் படிக்க விளையாட்டு கற்றுக் கொடுத்திருக்கிறது. ஆனால் அடுத்த சில நிமிடங்களில் அந்த அறையிலிருந்தவர்களின் முகங்களைப் படிக்க அது கற்றுக் கொடுக்கவில்லை. என் திரையில் என்றால், முன் சேமித்த நிலையைத் திறந்து மறுபடி தொடங்கியிருப்பேன். புவிநோக்குச் செயற்கைக்கோளை அமைக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கு அந்த வசதி இல்லை.

காற்றும் அப்படியே. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே சாலையில் வருவோர் காதங்கியைக் கடந்திருப்பீர்கள். அங்கே தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் 1,024 அலைவாங்கிகள் வரிசையாக நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை மேலே அனுப்பி, திரும்பி வரும் மெல்லிய எதிரொலியிலிருந்து மேற்காற்றை அளக்கின்றன. முதுநிலைப் படிப்பில் என் ஆய்வுக் கட்டுரை அத்தகைய காற்றளவுகளைப் பற்றியது. விளையாட்டின் காற்று சூத்திரத்தில் பிறந்தது. உயரத்தைச் சொன்னால் அடர்த்தியைச் சொல்லும். அளந்த காற்றோ நேற்றைப்போல் இன்று இல்லை. ஒன்பது ஆண்டு பழகிய சூத்திரத்துக் காற்றைவிட, எட்டு மாதமாய் என்னைத் திணற வைக்கும் இந்தக் காற்றின்மேல்தான் இப்போது எனக்கு மோகம். அதனால்தான் முனைவர் பட்ட நுழைவுத் தேர்வு எழுத விரும்புகிறேன்.

வீட்டில் இது எளிதான பேச்சன்று. மண்டியில் கணக்கு கணிப்பொறிக்கு மாறியபின் நைனாவுக்கு வேலை பாதியாகிவிட்டது, கூலியும் அப்படியே. வங்கித் தேர்வு எழுதினால் ஓராண்டில் சம்பளம் வரும். ஆராய்ச்சி என்றால் இன்னும் ஐந்தாண்டு உதவித்தொகைதான், அதுவும் கிடைத்தால். அவர் எழுதாதே என்று சொல்லவில்லை. எழுது என்றும் சொல்லவில்லை. சென்ற மாதம் பாக்காலா வழி ரயிலில் ஊருக்குப் போயிருந்தபோது இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் விடை வரவில்லை.

இப்போது என் கலம் கால் தொட்டியோடு கிளம்பி வியாழனை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா தொலைபேசியில் அழைப்பார். சாப்பாடு, அம்மாவின் முழங்கால் வலி, வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதெல்லாம் முடிந்தபின் கேட்பார்:

"மிச்சம் எவ்ளோ?"

"1.6 நைனா."

"வியாழன்கிட்ட எப்போ போய்ச் சேரும்?"

"இன்னும் ஏழு மாசம் ஆவும்."

"சரி, எழுதிக்கிறேன். வரவு வந்ததும் சொல்லு."